நான் கை வைக்காத கேன்

மகனே,

திங்கட்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஒருவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்கிறவன் நான் என்று உனக்கும் தெரியும், இந்தக் கரைக்கே தெரியும். அப்படிப்பட்டவன் மூன்று நாளாக வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் வளைகுடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்றாய். உள்ளே போய் நம் நாட்டுக்கு எண்ணெய் ஏற்ற வேண்டும், சண்டை நடக்கிற கடல் என்பதால் போகச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கம்பெனி கையெழுத்துக் கேட்கிறது என்றாய். சம்மதம் இல்லாதவர்களை இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். "போடவாப்பா, வேண்டாமா?" என்று கேட்டாய். நான் "அங்கன காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "காத்தே இல்லப்பா" என்றாய். அதோடு லைன் போய்விட்டது. உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

இதை நோட்டில் எழுதுகிறேன். உன் அக்கா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். கப்பலில் நெட் கிடைக்கும்போது படித்துக்கொள். இன்னொரு பிரதி எழுதி, கோயிலுக்குத் தெற்கே இருக்கிற நம் படிப்பகத்துப் பலகையில் ஒட்டப்போகிறேன். வீட்டு விஷயத்தை ஊர் படிக்கவா ஒட்டுவது என்று அக்கா சண்டை போடுகிறாள். நான் பேசியதையெல்லாம் அந்தப் படிப்பகத்தில் உட்கார்ந்துதான் பேசினேன். பொதுவில் பேசியவன் பொதுவில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நான் மாறப்போவதில்லை.

நீ லீவு முடிந்து கிளம்பிய பிறகு அங்கே வேறு பேச்சே இல்லை. வளைகுடாவில் சண்டை மூண்டதும், நாட்டின் அவசரக் கையிருப்பு எண்ணெயைப் பற்றி டிவியில் நாள் முழுக்க அடிதடி. பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் வைத்திருக்கிறார்களே, அந்த எண்ணெய். அதை இப்போதே திறந்து விலையைக் குறை என்று ஒரு கட்சி. திறந்தால் நாளைக்கு நிஜமான ஆபத்து வரும்போது என்ன செய்வாய் என்று இன்னொரு கட்சி. அது எத்தனை நாளைக்கு வரும் என்பதற்கு ஒவ்வொரு பேப்பரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. படிப்பகத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிற திசையன்விளை அண்ணாச்சிக்கு சிலிண்டர் கிடைக்கவில்லை. அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஆபத்துக்குன்னு வச்சதை ஆபத்துல எடுக்காம, பின்ன சடங்கு வீட்டுக்கா எடுப்பாங்க?" என்று கேட்டார். நம் பரமசிவம் சார், உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஓய்வுபெற்ற பிறகும் தன் ஆற்றங்கரை ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டாரே, அவருக்கு இரண்டு கட்சியும் பிடிக்காது. பானையில் இருக்கிற தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறீர்களே தவிரக் கிணறு வெட்டுவதைப் பற்றி எவரும் பேசவில்லையே என்பார். ராதாபுரம் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைக் காட்டுவார். சூரியனைக் காட்டுவார். அடுத்தவன் எண்ணெயை நம்பி இருக்கிற நாடு, அடுத்தவன் வீட்டு அடுப்பில் சோறு வைக்கிறவன் மாதிரி என்பார். நான் விடுவேனா? "அப்ப காத்தாடிய வள்ளத்துல கட்டிக்கிட்டு கடலுக்குப் போகச் சொல்லுதீரா சார்?" என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "உங்க அப்பா பாய் கட்டித்தானவே போனாரு" என்றார். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அது உன் பிள்ளைகள் காலத்து நியாயம். இன்றைக்கு என்ன செய்வது என்பதே என் கேள்வியாக இருந்தது.

என் கட்சி உனக்குத் தெரிந்ததுதான். கையிருப்பைத் தொடக்கூடாது. எல்லோரும் ஆபத்து என்று ஒப்புக்கொள்ளும் வரை தொடக்கூடாது. ஒருவன் வேண்டாம் என்றாலும் மூடியே இருக்க வேண்டும். அதுவரை கப்பல்கள் உள்ளே போய் எண்ணெயைக் கொண்டுவர வேண்டும். அண்ணாச்சி, "உள்ள போற கப்பல் மேல குண்டு விழுந்தா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. "பயந்தவன் கப்பல்ல ஏறக்கூடாதுவே" என்றேன். அது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து. மறுநாள் நீ போன் செய்தாய். அதுவரை உன் கப்பல் வேறு திசையில் எங்கேயோ போகிறது என்று எங்களிடம் பொய் சொல்லியிருந்தாய். அம்மா பயப்படுவாள் என்று சொல்லியிருப்பாய். நான் அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அந்த வளைகுடா வாசலில்தான் நின்றிருக்கிறாய்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவன். எஞ்சினை நானாகவே பிரித்து, நானாகவே பூட்டிக் கற்றுக்கொண்டேன். அதனோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷை எழுத்துக்கூட்டினேன். மானிய டீசலுக்காக எத்தனை மனு எழுதினேன், எத்தனை வாசலில் நின்றேன்! ஒரு மனுவுக்கும் பதில் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பேசியவர்கள் சங்கத்தில் பதவிக்கு வந்தார்கள். என்னை ஒருநாளும் மேடையில் ஏற்றவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் எஞ்சின் விஷயத்தில் என்னை எவனும் குறை சொன்னதில்லை. நீ மூன்றாம் இன்ஜினியராகக் கப்பலில் ஏறியபோது இந்தக் கரையில் என்னைவிடத் தலை நிமிர்ந்து நடந்தவன் இல்லை. போன லீவில் நீயும் நானும் முகத்துவாரத்து மணல்திட்டில் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் உயிர் தப்பிப்பதற்காகத் தொங்கவிட்டிருக்கிற லைஃப்போட்டின் எஞ்சின் உன் பொறுப்பு என்றாய். வாரத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றாய். "ஓட்டிப் பாக்குதியா, இல்ல எழுதி மட்டும் வைக்கியா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று இப்போது சொல்கிறேன்.

உனக்கு எட்டு வயதில் நடந்தது. அதை நீ வேறு மாதிரி கேட்டு வளர்ந்திருக்கிறாய். உன் தாய்மாமன் இன்னாசி நடுக்கடலில் டீசல் தீர்ந்து நின்றபோது, கேன் நிறைய டீசலை வைத்துக்கொண்டு உன் அப்பா கொடுக்காமல் வந்துவிட்டார் என்பதுதான் ஊரில் உள்ள கதை. இருபத்துமூன்று வருடமாக அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசம்.

நம் வள்ளத்தில் ஐந்து பேர். அணியத்துக்கு அடியில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், ஒரு நீலக் கேன் எப்போதும் இருக்கும். மாதா கேன் என்போம். பாய் கட்டிப் போன காலத்தில் அந்த இடத்தில் ஒரு கலயம் குடிதண்ணீர் இருந்ததாம். எஞ்சின் வந்ததும் அது டீசல் ஆனது. மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் கேனைக் கழுவி, புது டீசல் நிரப்பி, கோயிலுக்குத் தூக்கிப்போய் மந்திரிப்பார்கள். பிறகு வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மேலே மெழுகு உருக்கி ஊற்றி, அணியத்தில் வைத்துவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் அது கரைக்குத் திரும்புவதற்கு மட்டும்தான். அதைத் திறக்க ஒரு சட்டம் உண்டு. ஐந்து பேரும் வலது கையைக் கேன் மேல் வைக்க வேண்டும். ஒருவன் வைக்காவிட்டாலும் திறக்கக்கூடாது. வைக்காதவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பகத்தில் நான் பேசிய கட்சி எங்கிருந்து வந்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

அன்றைக்குத் திருச்செந்தூர் கோபுரம் கண்ணுக்கு மறைந்த பிறகும் மேற்கொண்டு ஓடியிருந்தோம். காலை பதினொரு மணி இருக்கும். இன்னாசியின் வள்ளம் எஞ்சின் இல்லாமல் மிதந்தது. மீன் கூட்டத்தின் பின்னால் போய் டீசலைத் தீர்த்துவிட்டான். முந்தின வாரம்தான் அவன் உன் அம்மா முன்னாலேயே என்னைக் கேலி செய்திருந்தான். அத்தானுக்கு எஞ்சினைவிட வாய்க்குத்தான் குதிரை சக்தி அதிகம் என்றான். அதை நான் மறக்கவில்லை. இப்போது அவன் துண்டை ஆட்டிக் கூப்பிட்டான். பக்கத்தில் போனோம். மாதா கேனைக் கேட்டான். எங்கள் எஞ்சினில் இருந்தது நாங்கள் கரை சேர மட்டுமே போதும். கயிறு போட்டு இழுப்பதானாலும் அந்தக் கேனைத் திறந்தால்தான் முடியும். எங்களோடு வந்த தொம்மை அண்ணன் முதலில் போய்க் கேன் மேல் கை வைத்தார். மற்ற மூவரும் வைத்தார்கள். நான் சுக்கானை விட்டு எழுந்திருக்கவில்லை. "கைய வைலே, உன் பொஞ்சாதி கூடப்பொறந்தவன்" என்றார் தொம்மை அண்ணன். நான் வைக்கவில்லை. அது கரைக்குப் போக வைத்தது, மீன் துரத்தியவனுக்கு வைத்தது அல்ல என்று மனசுக்குள் சட்டம் பேசிக்கொண்டேன். ஆட்களை ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். வள்ளத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான் இன்னாசி. அவனுக்கும் என் பிடிவாதம் உண்டு. கரைக்குப் போய் டீசல் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

கரை சேர்ந்தபோது டீசல் கொடுக்கிற கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. ஆளைத் தேடி அவர்கள் நாலு பேரும் ஓடினார்கள். நான் வள்ளத்தில் தனியாக நின்றேன். காற்று ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சட்டமாவது ஒன்றாவது என்று கேனை இழுத்து, மெழுகை உடைத்து, துணியை அவிழ்த்து, ஒரு வாளியில் சாய்த்தேன். முதலில் மங்கலாக டீசல் வந்தது. பிறகு கறுப்பாகச் சகதி வந்தது. அதற்குப் பிறகு வந்தது தண்ணீர். பாதிக்கு மேல் தண்ணீர், மகனே. அதை ஊற்றியிருந்தால் எந்த எஞ்சினும் பத்தடி ஓடாது.

திருவிழாவுக்குத் திருவிழா அந்த டீசலை மாற்ற வேண்டியவன் நான். எஞ்சின்காரன் வேலை அது. நாலு வருடமாக மாற்றவில்லை. மந்திரித்த டீசலை வெளியே எடுத்து எரிப்பதா என்று முதல் வருடம் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடங்களில் அந்த நியாயம்கூடத் தேவைப்படவில்லை. கேனின் வெளிப்புறத்தைத் துடைத்தேன், புதுத் துணி கட்டினேன், புது மெழுகு ஊற்றினேன், கோயிலுக்குத் தூக்கிப்போனேன். உப்புக்காற்றும் மழையும் மூடிக்கு அடியில் பைய இறங்கியிருக்கின்றன. ஐந்து பேர் நாலு வருடம் அந்தக் கேனை நம்பிக் கடலுக்குப் போயிருக்கிறோம். நால்வர் அதன்மேல் கை வைத்தார்கள், ஒருவன் வைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஐவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அவர்கள் வருவதற்குள் வாளியைக் கடலில் கவிழ்த்து, கேனைத் துணியால் கட்டி அணியத்துக்கு அடியில் தள்ளினேன். இரவல் டீசல் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பிப் போனபோது அவர்கள் நின்ற இடத்தில் வள்ளம் இல்லை. நீரோட்டம் இழுத்துப்போய்விட்டது. மறுநாள் சாயங்காலம், தெற்கே வேறு கரையின் வள்ளக்காரர்கள் வள்ளம் கவிழ்ந்து மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னாசியையும் அவன் ஆட்கள் மூவரையும் தூக்கி ஏற்றினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். இன்னாசியின் வள்ளம் போயிற்று. அவன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவே இல்லை. தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ கோயிலில் முதன்முதலாக நற்கருணை, முதல் நன்மை, வாங்கிய நாளில், தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஏன் மாமா வரவில்லை என்று நீ கேட்டாய். வேலை இருக்கும் என்றேன். கேனில் தண்ணீர் இருந்ததையும், பிறகு புது டீசல் ஊற்றி மறுபடி மெழுகு வைத்ததையும் எவரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். எஞ்சின் தெரியாதவன், தன் கேனில் தண்ணீர் வைத்திருந்தவன் என்று சொல்லிவிடக்கூடாது. எனக்கு இரண்டில் எது பெரிய அவமானமாகத் தோன்றியது பார்.

நேற்று மதியம் இன்னாசி வந்தான். உன்னைப் பற்றிய செய்தி எப்படியோ அவனுக்குப் போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஐஸ் தூக்கித் தூக்கி விரல்கள் நிமிர மாட்டேன் என்கின்றன. வாசலில் நின்றுகொண்டே, "பய எங்கன நிக்கான்?" என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை, தன் அக்காவைக் கேட்டான். உன் அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவன் என்னைப் பார்த்தான்.

"அவன்கிட்ட என்ன சொன்னீரு அத்தான்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"வான்னு சொல்லும். இல்ல, போன்னு சொல்லும். ஏதாவது ஒண்ணு சொல்லும். அன்னைக்கு சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீரே, அப்படி இருந்துராதேயும்." சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தான். குரலில் கோபம் இல்லை. "அந்த ஒரு கேன் கிடைச்சிருந்தா நான் கரைக்கு வந்திருப்பேன். என் வள்ளம் இருந்திருக்கும். படுத்தா எந்திரிச்சா இதுதான் அத்தான் எனக்கு நெனப்பு."

நான் அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கேனில் தண்ணீர்தான் இருந்தது இன்னாசி, கொடுத்திருந்தாலும் நீ வந்திருக்க மாட்டாய் என்று சொன்னால் அவனுக்கு ஆறுதலா, அவன் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் பிடுங்குவதா? எனக்குத் தெரியவில்லை. அவன் டீ குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். படியிறங்கும்போது என் தோளைத் தொட்டான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். இன்னாசி, இந்தப் பலகையில் ஒட்டியிருப்பதை யாராவது உனக்குப் படித்துச் சொல்வார்கள். என் வாயால் உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இப்படிச் சொல்கிறேன். இது கோழைத்தனம் என்றால் அந்தப் பெயரும் இருக்கட்டும்.

பரமசிவம் சாரும் அண்ணாச்சியும் இதைப் படித்துவிட்டு, இனிக் கையிருப்பைத் திறக்கலாம் என்று நான் கட்சி மாறிவிட்டதாகப் பேச வேண்டாம். மாறவில்லை. அந்தப் பாறைக் குகைகளில் இருப்பதும் தண்ணீர்தான் என்று நான் சொல்லவரவில்லை. அதைப் படித்தவர்கள் இருந்து காவல் காக்கிறார்கள், என்னைப் போன்றவன் கையில் அது இல்லை. ஆபத்துக்கு வைத்தது ஆபத்துக்குத்தான். ஆனால் எது ஆபத்து என்று முடிவு செய்ய, கரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனுக்கு என்ன யோக்கியதை? "பயந்தவன் ஏறக்கூடாது" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தச் சொல்லை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் வேண்டும் என்று சத்தம் போடுகிறோம், அது குழாயில் தானாக வருகிற மாதிரி. ஒவ்வொரு சொட்டுக்கும் அடியில் ஒரு வீட்டுப் பையன் எஞ்சின் அறையில் வேர்வை துடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று, என் வீட்டுப் பையன் நிற்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாளாக நான் தேடிய பதில்களைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே, வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதினேன். உன் இடத்தில் வேறு ஒருவன் வீட்டுப் பையனை ஏற்றுவார்கள், அவனுடைய அப்பனும் இப்படி ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து அடித்துவிட்டேன். போடு, தொழில் என்றால் அப்படித்தான் என்று எழுதினேன். உன் அம்மா பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நீ. அந்த நம்பிக்கையில்தான் கேட்டாய். நானும் இருக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

இந்த இடம் வரைக்கும் எழுதியபோது உன் அக்கா போனைக் கொண்டுவந்து காட்டினாள். உன் செய்தி வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டாய். எல்லோரும் போட்டுவிட்டார்களாம், ஒருவர்கூட இறங்கவில்லையாம். நாளைக் காலையில் நங்கூரம் எடுக்கிறார்களாம், உள்ளே போனால் சில நாட்களுக்கு நெட் இருக்காதாம். "அப்பாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லாத பதிலுக்காக நீ காத்திருக்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் நான் முழுதாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இந்தக் கடிதம் நங்கூரம் எடுப்பதற்குள் உனக்குக் கிடைத்தால், உடனே எழுந்து போ. அந்த லைஃப்போட்டின் மேல் ஏறு. போன வாரம் ஓட்டிப் பார்த்ததாக நோட்டில் இருக்கும், உன் கையெழுத்தே இருக்கும். அதை நம்பாதே. டீசல் டேங்கின் அடியில் வடிக்கிற திருகு இருக்கும், அதை உன் கையால் திற. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடி. வெளிச்சத்தில் தூக்கிப் பார். அடியில் கோடு விழுந்தால் கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர். கோடு இல்லாமல் வருகிற வரைக்கும் வடித்துக்கொண்டே இரு. பிறகு விரலில் தொட்டு மோந்து பார். இன்னொரு பக்கத்து லைஃப்போட்டையும் அப்படியே பார். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று ஒரு சொல் அனுப்பு. நோட்டில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா